டென்னிசுக்காக வீடு மாறலாமா?

கேள்வி: நாங்கள் டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு, பள்ளியின் முதன்மை அணியான வார்சிட்டி டென்னிஸ் அணியில் ஆடுகிறாள். கோச் அவளை வரிசையில் கீழேயே வைத்திருக்கிறார். இது பற்றி அவரோடு எனக்கு வாக்குவாதமும் ஆகிவிட்டது. வெளியே அவளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர், பக்கத்து ஊர்ப் பள்ளியில் அணி பலமாக இருக்கிறது, ஜனவரியில் அங்கே சேர்த்துவிடுங்கள் என்கிறார். அவரிடம் கற்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் அங்கேதான் ஆடுகிறார்கள். இருக்கிற வீட்டை விடாமல், அந்தப் பள்ளி எல்லைக்குள் ஒரு அபார்ட்மெண்ட் எடுத்து, நானும் மகளும் அங்கே இருப்பதாகக் காட்டினால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் யு.ஐ.எல். என்ற அமைப்பு ஒரு வருடம் ஆடவிடாமல் செய்துவிடும் என்றும் கேள்விப்பட்டேன். யார் இவர்கள்? நாங்கள் எங்கே குடியிருக்க வேண்டும் என்று சொல்ல இவர்களுக்கு என்ன உரிமை? கோர்ட்டுக்குப் போனால் நிற்குமா? அவள் பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் வயலினும் வாசிக்கிறாள், அதுவும் பாதிக்கப்படுமா? வேதியியலில் இப்போது 66. டிசம்பரில் ஊருக்கும் போக வேண்டியிருக்கிறது.
(பெயர் வேண்டாம், டெக்சாஸ்)

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

அந்த அபார்ட்மெண்ட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மற்ற கேள்விகளுக்கும் வருகிறேன். இதை முதலில் சொல்லக் காரணம், பள்ளிக் கவுன்சிலரான என்னைத் தேடி வரும் பெற்றோர்களில் பலர் லீஸில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள். நீங்கள் அதற்கு முன்னால் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் நண்பர்கள் சொன்னது பாதி சரி. டெக்சாஸில் ஒரு பிள்ளை பள்ளியின் வார்சிட்டி அணியில் ஆட வேண்டுமானால் பெற்றோர் அந்தப் பள்ளியின் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். இல்லையென்றால் பிள்ளை அங்கே ஒரு முழு வருடம் படித்திருக்க வேண்டும். இதை மட்டும் கேட்டுவிட்டு, முகவரி இருந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு நிபந்தனை இருக்கிறது: விளையாட்டுக்காகப் பள்ளி மாறியிருக்கக் கூடாது. அப்படி மாறியதாக முடிவானால் புதிய பள்ளியில் குறைந்தது ஒரு வருடம் வார்சிட்டி கிடையாது. அப்பா, அம்மா இருவரும் பழைய வீட்டைக் காலி செய்து, சாமான் செட்டோடு அங்கே குடிபோயிருந்தாலும் கிடையாது. இது யு.ஐ.எல். விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆக, உங்கள் விஷயத்தில் வீடு எங்கே என்பது இரண்டாவது கேள்விதான். ஏன் போகிறீர்கள் என்பதே முதல் கேள்வி, அதற்கான பதிலை நீங்களே உங்கள் கடிதத்தில் எழுதிவிட்டீர்கள்.

அந்தக் கேள்வியை யார் கேட்பார்கள், எப்படிக் கேட்பார்கள் என்று சொல்கிறேன். முந்தைய பள்ளியில் விளையாடிய பிள்ளை இன்னொரு பள்ளிக்கு வந்தால், வார்சிட்டி களத்தில் இறங்குவதற்கு முன் 'முந்தைய விளையாட்டுப் பங்கேற்புப் படிவம்' ஒன்றை நிரப்ப வேண்டும். ஒரு பகுதியைப் பெற்றோர் நிரப்புவார்கள், இன்னொரு பகுதி பழைய பள்ளிக்குப் போகும். இந்தப் பிள்ளை விளையாட்டுக்காகப் பள்ளி மாறுகிறதா, கோச்சோடு பிள்ளைக்கோ பெற்றோருக்கோ மனத்தாங்கல் எதுவும் இருந்ததா என்றெல்லாம் அவர்களிடம் கேட்பார்கள். நீங்கள் எந்தக் கோச்சோடு வாக்குவாதம் செய்தீர்களோ, அவர் கைக்குத்தான் அந்தப் படிவம் போகும். அவர் பழிவாங்குவார் என்று நான் சொல்ல வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினாலே போதும்.

பழைய பள்ளி ஆட்சேபம் தெரிவித்தால், அல்லது படிவத்தில் சந்தேகம் எழுந்தால், விஷயம் அந்த வட்டாரத்தின் நிர்வாகக் குழுவுக்குப் போகும். ஒரே பிரிவில் ஒன்றோடொன்று மோதும் பள்ளிகளின் கண்காணிப்பாளர்கள் (பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரிகள்), அல்லது அவர்கள் அனுப்பும் ஆட்கள், உட்காரும் குழு அது. அந்தக் கூட்டங்களில் குடும்பங்களோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். நீதிமன்றம் போல இருக்காது. அலுவலகக் கூட்ட அறை, நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், ஆளுக்கொரு ஃபைல். கேள்விகள் மரியாதையாகத்தான் வரும், ஆனால் விடமாட்டார்கள். குடியிருப்பைச் சோதிக்க விதிப் புத்தகத்திலேயே ஒரு வரிசை இருக்கிறது: அங்கே வீடு சொந்தமா வாடகையா, தட்டுமுட்டுச் சாமான்கள் அங்கே இருக்கின்றனவா, தபால் அங்கே வருகிறதா, வாக்காளர் பதிவும் ஓட்டுநர் உரிமமும் எந்த முகவரியில் உள்ளன, உண்மையிலேயே அங்கே தங்குகிறார்களா, தொடர்ந்து தங்கும் எண்ணம் உண்டா. ஒரு முறை ஒரு தந்தை லீஸையும் சாவியையும் மேசை மேல் வைத்தார். ஒருவர் மின்கட்டண ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அந்த மாதம் முழுக்க அங்கே ஒரு ஃபிரிட்ஜைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை என்பது தொகையைப் பார்த்ததுமே தெரிந்தது. பையன் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த இடத்தில் உங்கள் பெண் உட்கார வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

பொய் முகவரி விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. டெக்சாஸில் பள்ளிச் சேர்க்கைக்குப் பொய்யான ஆவணம் கொடுப்பது குற்றவியல் சட்டத்தின் கீழ் வரும். அந்தக் காலத்துக்கான கல்விக் கட்டணத்தையும் வசூலிக்கலாம். விசாவிலோ கிரீன் கார்டு வரிசையிலோ இருக்கும் குடும்பம் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

சரி, யார் இந்த யு.ஐ.எல்.? முழுப் பெயர் யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக். 1910-இல் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் தொடங்கியது. ஆரம்பத்தில் பள்ளிகளுக்கிடையே விவாதப் போட்டி நடத்தத்தான் வந்தார்கள், விளையாட்டு அப்புறம் சேர்ந்தது. இன்றும் அது அந்தப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம்தான். அதன் விதிகளை மாநிலக் கல்வி ஆணையர் ஏற்கலாம், நிராகரிக்கலாம் என்று கல்விச் சட்டத்தில் இருக்கிறது. விதிகளைப் போடும் சபையில் இருப்பவர்கள் பள்ளி மாவட்டங்களின் கண்காணிப்பாளர்கள், சக பள்ளிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள். பள்ளிகளை மாணவர் எண்ணிக்கைப்படி 1ஏ முதல் 6ஏ வரை பிரித்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியமைப்பதும் இவர்கள்தான். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் இப்படி ஓர் அமைப்பு இருக்கிறது. அவற்றுக்கெல்லாம் பொதுவான தேசியக் கூட்டமைப்பு இண்டியானாபோலிஸில் இருக்கிறது, 1920-இல் வந்தது. பல ஆட்டங்களின் விதிகளை எழுதுவது அந்தக் கூட்டமைப்பு. ஆனால் யார் ஆடலாம், யார் ஆடக் கூடாது என்பது மாநிலத்தின் கையில். அதனால் கலிஃபோர்னியாவில் இருக்கும் உங்கள் மைத்துனரோ நியூஜெர்சி நண்பரோ 'எங்கள் பையன் மாறினானே, ஒன்றும் ஆகவில்லையே' என்று சொன்னால், அதை இங்கே வைத்துப் பார்க்காதீர்கள்.

என்ன உரிமை என்று கேட்டிருந்தீர்கள். கோபம் புரிகிறது. வீடு எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம், உங்கள் பெண் எந்தப் பள்ளியிலும் முறைப்படி சேர்ந்து படிக்கலாம், அதை யாரும் தடுக்கவில்லை. அந்தப் பள்ளியின் பெயர் போட்ட சட்டையை அணிந்து வார்சிட்டி ஆடுவதற்குத்தான் நிபந்தனை. இந்த நிபந்தனை வேண்டும் என்பது என் திடமான கருத்து. உங்கள் தனிப் பயிற்சியாளரிடம் கற்கும் நாலைந்து பேர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பெண்ணும் போனால், ஆறாம் வகுப்பிலிருந்து அதே ஊரில் வளர்ந்து, வரிசையில் கடைசி இடத்துக்கு இப்போதுதான் வந்திருக்கும் ஒரு பிள்ளை வெளியே போக வேண்டியிருக்கும். வெளிப் பயிற்சியாளருக்குக் கட்ட அந்தக் குடும்பத்திடம் பணம் இல்லாமல் இருக்கலாம். வெளிப் பயிற்சியாளரின் பின்னால் பிள்ளைகள் ஒரே பள்ளிக்குப் போவதைக் குழுக்கள் இப்போது தனியாகவே கவனிக்கின்றன. தகுதியில்லாத ஒருவரை ஆடவைத்ததாகத் தெரிந்தால் தண்டனை மொத்த அணிக்கும் விழும். டாலஸ் பக்கம் டங்கன்வில் பள்ளியின் ஆண்கள் கூடைப்பந்து அணி 2022-இல் 6ஏ மாநிலப் பட்டம் வென்றது. இதே மாதிரிக் காரணத்துக்காகச் சில மாதங்களில் பட்டத்தைப் பறித்துவிட்டார்கள். கூட ஆடிய பிள்ளைகள் என்ன தவறு செய்தார்கள்?

கோர்ட் விஷயம். முன்பு டெக்சாஸில் விதி இதைவிடக் கண்டிப்பாக இருந்தது. முந்தைய வருடம் இன்னொரு பள்ளிக்கு அமெரிக்கக் கால்பந்தோ கூடைப்பந்தோ ஆடியிருந்தால், எதற்காக வந்தாய் என்று கேட்காமலேயே ஒரு வருடம் நிறுத்திவிடுவார்கள். வெர்மான்ட்டிலிருந்து குடும்பத்தோடு ஆஸ்டினுக்கு வந்த ஒரு மாணவர் வழக்குப் போட்டார். 1981-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. விளையாட்டுக்காக வந்தவரையும் அப்பாவின் வேலைக்காக வந்தவரையும் ஒரே தட்டில் வைப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்பது தீர்ப்பின் சாரம். ஒவ்வொருவரின் காரணத்தையும் தனித்தனியாகக் கேட்டு முடிவு செய்யும் இன்றைய முறைக்குப் பின்னால் அந்த மாணவரின் வழக்கு இருக்கிறது. உங்களுக்கு அது உதவாது, காரணத்தைக் கேட்டாலே நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள். 1985-இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், பாடம் சாராத போட்டிகளில் பங்கேற்பது அரசமைப்புப் பாதுகாப்புப் பெற்ற உரிமை கிடையாது என்றும் சொல்லிவிட்டது. டெக்சாஸ் நீதிமன்றங்கள் பொதுவாக இந்தத் தகராறுகளில் தலையிடத் தயங்குகின்றன. வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு வருடப் பயிற்சிக் கட்டணத்தைக் கட்டிவிடலாம். வட்டாரக் குழுவின் முடிவு தவறு என்று பட்டால் யு.ஐ.எல். அமைப்பின் மாநில நிர்வாகக் குழுவுக்கு மேல்முறையீடு உண்டு, முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

ஜனவரியில் மாறினால் கணக்கு எப்படி வரும் என்று பாருங்கள். இங்கே பெரிய பள்ளிகளில் இலையுதிர் காலத்தில் குழு டென்னிஸ், வசந்த காலத்தில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர். ஒரு வருடத் தடை விழுந்தால் இந்த வசந்தமும் போகும், பதினோராம் வகுப்பின் இலையுதிர் காலமும் போகும். மிச்சம் இருப்பது அதற்கடுத்த வசந்தமும் கடைசி வருடமும். அதுவரை ஜூனியர் வார்சிட்டி என்ற இரண்டாம் நிலை அணியில் ஆடலாம். இதெல்லாம் தெரிந்தே, பரவாயில்லை, எங்களுக்கு அந்தப் பள்ளிதான் வேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள், ஆனால் உண்மையைச் சொல்லிப் போங்கள்.

ஒருவேளை உண்மையிலேயே வேறு காரணம் இருந்தால், உதாரணமாக வேலை மாற்றம், வயதான பெற்றோர் உங்களோடு வந்து தங்கப்போவதால் பெரிய வீடு, அது வேறு கதை. அப்போது வீட்டை முழுசாக மாற்றுங்கள், பழைய வீட்டை விற்றுவிடுங்கள் அல்லது வாடகைக்கு விடுங்கள், வேலைக் கடிதம், வீட்டுப் பத்திரம், கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். மாறுவதற்கு முன்பே புதிய பள்ளியின் அத்லெடிக் கோஆர்டினேட்டரிடம், அதாவது விளையாட்டுப் பிரிவின் பொறுப்பாளரிடம், பேசுங்கள். அவர் தினமும் இதைப் பார்ப்பவர், எது நிற்கும் எது நிற்காது என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்தப் பள்ளியின் டென்னிஸ் கோச்சிடம் நேரே போய்ப் பேசாதீர்கள். நாளைக்கு 'கோச் அழைத்தார்' என்று ஒரு புகார் வந்தால் அவர் வேலைக்கே ஆபத்து.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டே கேட்கிறேன். பயிற்சியாளர் என்ன சொன்னார், நண்பர்கள் என்ன சொன்னார்கள், கோச் என்ன செய்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். பெண் என்ன சொன்னாள் என்பது கடிதத்தில் இல்லை. பதினைந்து பதினாறு வயதில், வருட நடுவில், தோழிகளை விட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருவது என்று தெரியாத ஒரு பள்ளிக்குப் போவது பெரிய விஷயம். என் அறைக்கு வந்து அழும் பிள்ளைகளில் இப்படி வந்தவர்கள் நிறைய. அவளிடம் கேளுங்கள். அவள் வரிசையில் கீழே இருப்பதை நினைத்து வருந்துகிறாளா, நீங்கள் வருந்துகிறீர்களே என்று வருந்துகிறாளா என்பதையும் கவனியுங்கள்.

கல்லூரி ஸ்காலர்ஷிப் மனத்தில் இருந்தால், டென்னிஸைப் பொறுத்தவரை பள்ளி அணியின் வரிசை அவ்வளவு முக்கியமில்லை. கல்லூரிக் கோச்சுகள் முதலில் பார்ப்பது யு.டி.ஆர். என்ற டென்னிஸ் ஆட்டத் தரமதிப்பீட்டையும் ஜூனியர் போட்டிகளின் முடிவுகளையும்தான். அவை இரண்டும் பள்ளியைச் சார்ந்தவை இல்லை. இப்போதைய பள்ளியிலேயே இருந்துகொண்டு வார இறுதிகளில் ஜூனியர் போட்டிகள் ஆடினால் எதுவும் குறைந்துவிடாது. பணப் பரிசு மட்டும் வாங்க வேண்டாம், அமெச்சூர் விதியில் சிக்கல் வரும். இப்போதைய பள்ளிக் கோச்சோடும் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள், இந்த முறை பெண்ணைப் பேச விடுங்கள். 'மேலே வர நான் என்ன செய்ய வேண்டும்' என்று அவளே கேட்டால் பதில் வரும் விதமே வேறாக இருக்கும்.

வயலின் பற்றிக் கவலை வேண்டாம். யு.ஐ.எல். இசைப் போட்டிகளும் நடத்துகிறது, கணிதம், நாடகம், விவாதம், எழுத்துக்கூட்டல் போட்டிகளும் நடத்துகிறது. நம் பிள்ளைகள் இவற்றில் நிறையப் பேர் இருக்கிறார்கள். 'விளையாட்டுக்காக மாறினாரா' என்ற நிபந்தனை விளையாட்டுக்கு மட்டும்தான். வருட நடுவில் சேர்ந்தால் 15 நாட்கள் அந்தப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், மதிப்பெண் விதி பொருந்தும், அவ்வளவே.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தியாவிலிருந்து பிள்ளையோடு வருபவர்கள் கவனியுங்கள்: ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலில் சேர்ந்த நாளிலிருந்து நான்கு வருடம்தான் போட்டிகளில் பங்கேற்கலாம். சென்னையில் ஒன்பதாம் வகுப்பு முடித்த பிள்ளையை இங்கே மறுபடி ஒன்பதில் சேர்த்தால், அந்த முதல் வருடமும் கணக்கில் வரும், பன்னிரண்டாம் வகுப்பில் ஆட முடியாமல் போகும். செப்டம்பர் 1-ஆம் தேதி 19 வயது ஆகியிருக்கவும் கூடாது. சேர்க்கும்போதே கவுன்சிலரிடம் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக வேதியியல். மதிப்பெண் குறைந்தால் போட்டியில் ஆட முடியாது என்பது யு.ஐ.எல். தானாகப் போட்ட விதி இல்லை, மாநிலச் சட்டம். 1984-இல் ஆளுநர் மார்க் வைட் காலத்தில், தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை ஒட்டி வந்தது. 'நோ பாஸ், நோ ப்ளே' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மதிப்பெண் காலம் முடியும்போது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே இருந்தால் போட்டிகளிலிருந்து நிறுத்துவார்கள். முதலில் ஆறு வாரம் என்றிருந்தது, 1995-இல் மூன்று வாரமாகக் குறைத்தார்கள். மூன்று வாரம் கழித்து எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தால் திரும்ப வரலாம். இடையில் பயிற்சிக்குத் தடை இல்லை. ஆனால் டென்னிஸோடு ஆர்கெஸ்ட்ரா போட்டியும் சேர்ந்தே நிற்கும். ஏ.பி. போன்ற உயர்நிலை வகுப்புகளுக்கு விலக்கு உண்டு, அவளுடைய வேதியியல் வகுப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று உங்கள் மாவட்டத்தில் கேளுங்கள். இல்லையென்றால் நான்கு மதிப்பெண் எடுக்க வேண்டும். விடுபட்ட வீட்டுப்பாடம், திருத்தி எழுதக்கூடிய தேர்வு ஏதாவது இருக்கிறதா என்று ஆசிரியருக்கு அவளையே இன்று ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் காலையில் பள்ளி தொடங்கும் முன் ட்யூட்டோரியல் வைப்பார்கள். மதிப்பெண் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பள்ளிக் காலண்டரில் பார்த்து வையுங்கள்.

அதே காலண்டரைப் பார்த்துவிட்டு ஊருக்கு டிக்கெட் போடுங்கள். ஒரு பாடத்துக்குக் கிரெடிட் கிடைக்க வகுப்பு நாட்களில் 90 சதவீதம் வந்திருக்க வேண்டும் என்பது மாநில விதி. குளிர்கால விடுமுறை சுமார் இரண்டு வாரம், அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் சேர்த்தால் எடுக்கக்கூடிய விடுப்பில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். விடுமுறைக்கு முந்தைய வாரம் செமஸ்டர் தேர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். பொங்கல்வரை இருந்துவிட்டு வரலாம் என்று வீட்டில் சொன்னால், அம்மாவும் நீங்களும் இருங்கள், பெண்ணைப் பள்ளி திறக்கும் நாளுக்கு அனுப்பிவிட வழி இருக்கிறதா பாருங்கள்.